என் செவியை அளந்த முறைகள்

மதிப்பிற்குரிய ஐயா, அல்லது அம்மையீர்,

இதனை எடுத்து வாசிக்கும் தாங்கள் யாரென்று நான் அறியேன். வைத்தியசாலையில் செவிப்புலனைப் பரிசோதிக்கும் பிள்ளை, மனிதரின் பேச்சை ஒருவர் எவ்வளவு கேட்கிறார் என்று அளப்பதற்குப் பல முறைகள் உண்டென்றும், அவற்றுள் எம்மவருக்கு ஏற்றது எதுவென்று தம் பகுதியினர் ஒப்பிட்டுப் பார்க்கிறார்களென்றும் எனக்குச் சொன்னாள். "ஒவ்வொரு சோதினையிலையும் உங்களுக்கு என்ன மாதிரி இருந்ததெண்டு சொல்லுங்கோ ஐயா" என்று அவள் கேட்டபோது, வெளியே வாங்குகளில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். "பறவாயில்லை பிள்ளை" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். பறவாயில்லை என்பது ஒரு விடையன்று. ஆகையால் வீட்டில் ஆறுதலாக இருந்து இதை எழுதுகிறேன்.

நான் பள்ளியில் அதிகம் படித்தவன் அல்லன். தந்தையார் காலமான வருடமே வெங்காயத் தோட்டத்தில் இறங்கியவன். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்ததற்கு அப்பால், எனக்கு வந்த தமிழ் யாவும் காதின் வழியாகவே வந்தது. அது வந்த இடம் எங்கள் ஊர்க் கோயில் மண்டபம். அங்கே ஆண்டுதோறும் பல மாதங்கள் புராணப் படிப்பு நடைபெறும். மத்தியானப் பூசை முடிந்ததும் பாய் விரித்து இருவர் அமர்வார்கள். ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசிப்பார். மற்றவர் அதன் பொருளைச் சபையோருக்கு விளங்கும்படி எடுத்துரைப்பார். இதனைப் பயன் சொல்லுதல் என்போம். வாசிப்பவர் ஒரு செய்யுளை ஒரே மூச்சில் முடித்துவிட மாட்டார். ஓர் அடியிலே நிறுத்துவார், சில வேளை அரையடியிலே நிறுத்துவார். அவர் நிறுத்திய இடம் வரைக்குமே பயன் செல்ல வேண்டும்; ஒரு சொல்லும் தாண்டக்கூடாது. ஆகவே பயன் சொல்பவனுக்கு வாயைக் காட்டிலும் காதுதான் முதல்.

இளமையில் தோட்ட வேலை முடித்து, கை கால் கழுவி, சபையின் கடைசி வரிசையில் இருந்து கேட்டுக் கேட்டு வந்தவன் நான். பின்னர் ஒரு காலத்தில் பயன் சொல்பவர் நோயுற்றபோது, "உவர் சொல்லுவார்" என்று யாரோ என்னைக் காட்டினார்கள். அன்று அமர்ந்த இடத்திலேயே முதுமை வரைக்கும் அமர்ந்திருந்தேன்.

என் மனைவி காலமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. ஒரே மகள் கனடாவில் இருக்கிறாள். வளவுக்குள் நானும், யாருடையதோ ஒரு பூனையும். ஒரு நாளில் என்னோடு ஒருவர் முகம் பார்த்துப் பேசுவதும், நான் பேசுவதை நாலு பேர் இருந்து கேட்பதும் அந்தப் பாயில் மட்டுந்தான். அந்த இடம் எனக்குத் தொடர்ந்து இருக்குமா, இல்லையா என்பதே இந்தச் சோதனைகளுக்கெல்லாம் பின்னால் நின்ற கேள்வி. வைத்தியசாலையில் இதை ஒருவரும் கேட்கவில்லை. நானும் முதலிற் சொல்லவில்லை.

என் செவியின் குறையை எனக்கு அறிவித்தது ஒரு பாராட்டு.

எங்கள் படிப்பில் வாசிப்பவர் எனக்கு இளையவர். வடக்குக் கரையோர ஊரொன்றில், கடலோடிக் குடும்பத்திற் பிறந்து, எங்கள் ஊரிற் பெண்ணெடுத்து வந்தவர். காற்றுக்கு எதிராக நின்று கூப்பிட்டுப் பழகிய பரம்பரையின் குரல் அது. ஒலிபெருக்கி பழுதானாலும் அவர் வாசிப்பது வெளியே தேர் நிறுத்தும் தேர்முட்டி வரைக்கும் கேட்கும் என்று சொல்வார்கள். எத்தனையோ ஆண்டுகளாக நாங்கள் இருவரும் ஒரே பாயில் இருந்தோம். படிப்பு முடிந்தால் ஒன்றாகவே வீதியால் நடந்து வருவோம்.

ஒரு நாள் படிப்பில், போருக்குப் படை புறப்படும் பகுதி நடந்துகொண்டிருந்தது. பழைய புத்தகம். எண்ணெய்க் கை பட்டு ஒட்டியிருந்த ஒரு கற்றைத் தாள்களை அவர் சேர்த்துப் புரட்டிவிட்டார். புரட்டிய பக்கத்திலே போர் முடிந்து, இறந்த மகனின் உடலை மடியிற் கிடத்தி ஒரு தாய் அழுகிறாள். அந்த அழுகையின் முதற் செய்யுளை அவர் வாசித்து நிறுத்தினார். நானோ, முரசு முழங்கியதையும் கொடிகள் ஏறியதையும் குதிரைகளின் காற்புழுதி சூரியனை மறைத்ததையும் விரித்துப் பயன் சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தாளைத் திருப்பி, படை புறப்படும் இடத்திலிருந்து மீண்டும் வாசித்தார். படிப்பு நிறைவெய்தியது.

கோயில் முகாமையாளர் என்னிடம் வந்து, வாயருகே கையை வைத்து, "ஐயா, இண்டைக்கு அவர் பாதை மாறினதும் நீங்கள் ஒண்டும் நடக்காத மாதிரி ஆளைத் திருப்பிக் கொண்டுவந்தியள் பாருங்கோ, அது உங்களாலைதான் ஏலும்" என்றார். யார் பாதை மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. பெரியவர்கள் பாராட்டும்போது தலையை ஆட்டுவது வழக்கமாதலால் ஆட்டினேன். திரும்பிப் பார்த்தால் வாசிப்பவர் இல்லை. தனியாகப் போய்விட்டார். அன்று நானும் தனியே நடந்தேன்.

மறுநாட் காலை அவர் என் படலையைத் திறந்துகொண்டு வந்தார். கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை.

"அண்ணை, நான் பிழை விட்டனான். இல்லையெண்டு சொல்லேல்லை. மெல்லமாத் துடையிலை ஒரு தட்டுத் தட்டியிருந்தால் காணும். சபைக்கு முன்னாலை வைச்சு என்னை உப்பிடி அடிக்கவேணுமே?"

"ஆர் உம்மை அடிச்சது?"

"தாய் பிள்ளையைப் பறிகொடுத்து அழுகிறாள். நீங்கள் முரசு கொட்டுறியள். அதுக்கு வேறை என்ன பேர்?"

"எந்தத் தாய்?" என்று கேட்டேன்.

அவர் முகம் மாறிற்று. கோபம் இறங்கி, அதன் இடத்தில் வேறொன்று வந்தது. என் முன்னாற் குனிந்து, "அண்ணை, நேற்று நான் கடைசியா வாசிச்சது என்ன?" என்றார்.

"படை புறப்படுறது."

"அது திரும்பி வந்து வாசிச்சது. அதுக்கு முதல்?"

அவர் வாசித்ததை நான் கேட்கவேயில்லை. இசை வந்தது, குரல் வந்தது, நிறுத்தம் வந்தது. சொல்லை மட்டும் நானே எனக்குள்ளிருந்து எடுத்து அதன் மேல் வைத்திருக்கிறேன். எத்தனை நாளாக, எத்தனை ஆண்டாக இப்படியோ, அறியேன். என்னை ஏமாற்றியவர் ஒருவருமில்லை. நான் கேட்கிறேன் என்றே நம்பியிருந்தேன்.

அவர் அப்போதுதான் கதிரையில் இருந்தார். சற்று நேரத்துக்குள் எழுந்து என் பின்னாற் போய் நின்று, நாங்கள் நாளும் சொல்லும் செய்யுள்களின் அடிகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னேன். "பாரும், கேக்குதுதானே" என்றேன்.

"அதெல்லாம் நீங்கள் அறிஞ்சது. அறியாததைச் சொல்லுவம்" என்று சொல்லி, யன்னற் கட்டில் இருந்த பத்திரிகையை எடுத்தார். எங்கள் பக்கத்துப் பத்திரிகையில் அரைவாசி மரண அறிவித்தல்கள்தாமே. அதிலொன்றை என் முதுகுக்குப் பின்னால் நின்று வாசித்தார். பிறப்பிடமாகவும் என்பது கேட்டது. வதிவிடமாகவும் என்பது கேட்டது. அன்பு மனைவியும், பாசமிகு தாயாரும், சிவபதமடைந்தார் என்பதும் கேட்டன.

"ஆர் செத்தது அண்ணை?"

"ஒரு மனிசி."

"எந்த ஊர்?"

ஊரின் பெயர் என் காதில் விழவில்லை.

"அண்ணை செத்தவீட்டுக்குப் போக வேட்டியும் உடுத்துக்கொண்டு நிக்கிறார். வீடுதான் எங்கையெண்டு தெரியேல்லை" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிப்பு முடிந்தபின், "பண்டத்தரிப்பு அண்ணை. நீங்கள் மரக்கறி வாங்கப் போற இடம்" என்று என் முன்னால் வந்து நின்று சொன்னார். முன்னால் நின்று சொன்னபோது நன்றாகக் கேட்டது.

ஐயா, அம்மையீர், என் செவியை அளந்த முதல் முறை அதுவே. அந்தச் சோதனைக்குக் கருவியில்லை. மரண அறிவித்தலும் ஒரு சிநேகிதரும் இருந்தால் போதும். அறிந்த பகுதி எது, கேட்ட பகுதி எது என்று பிரித்துக் காட்டியது அது. பின்னர் கண்ட முறைகள் பலவும் இதனையே வேறு விதமாகச் செய்தன.

வைத்தியசாலைக்கும் அவரே மினிபஸ்ஸில் என்னைக் கூட்டிப்போனார். சுவரெல்லாம் மெத்தை வைத்த ஒரு சிறிய அறைக்குள் என்னை இருத்தி, காதுகளுக்குக் கவசம் போட்டு, கதவைச் சாத்தினார்கள். உள்ளே இருக்கும் அமைதிக்குப் பலர் பயப்படுவார்கள் என்று அந்தப் பிள்ளை முன்னரே எச்சரித்தாள். எனக்கு அது புதிதாய் இருக்கவில்லை. மத்தியானச் சோறு உண்டு, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தபின் என் வீடு அப்படித்தான் இருக்கும்.

முதலில் கீச்சென்றும் கூவென்றும் ஒலிகள் வந்தன. கேட்கும்போதெல்லாம் ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். தாழ்ந்த ஒலிகள் நன்றாகவே கேட்டன. உயர உயர என் கை சும்மா இருந்தது. தாளில் அவள் கீறிக் காட்டிய கோடு, தொடக்கத்தில் சமதரை போலப் போய், பின்பு கிணற்றுக்குள் இறங்குவது போல் இறங்கியது. "இது சத்தம் ஐயா. ஆக்கள் கதைக்கிறது வேறை. கதையைக் கேக்கிறதை இனித்தான் பாக்கப்போறம்" என்றாள்.

அடுத்ததாக, பதிவு செய்த சொற்கள் வந்தன. ஓர் ஆண்குரல், இந்தியாவில் பதிவான அக்கரைத் தமிழ். ஒரு சொல்லைச் சொல்லும், இடைவெளி விடும், நான் திருப்பிச் சொல்ல வேண்டும். கிணறு, பாலம், நூல் என்று தனித் தனிச் சொற்கள். முன்னும் பின்னும் ஒன்றுமில்லாமல் ஒரு சொல் மட்டும் வந்து நிற்பதைப் போன்ற அநாதரவு வேறில்லை என்று எனக்குத் தோன்றியது. அந்தக் குரல் தெளிவானதுதான், குற்றமில்லை. ஆனால் நான் சரியாகச் சொன்னாலும் பிழையாகச் சொன்னாலும் அது விடும் இடைவெளி ஒன்றே. எனக்காக அது காத்திருக்கவில்லை. காத்திருக்காமலும் விடவில்லை. அந்தச் சோதனையில் அரைவாசியும் என்னால் எட்ட முடியவில்லை.

பின்னர் பிள்ளை தானே சொற்களைச் சொன்னாள். கண்ணாடிக்கு அப்பால் இருந்து, என் கண் அவள் உதட்டிற் படாதபடி ஒரு மட்டையை வாயருகே பிடித்துக்கொண்டாள். எங்கள் ஊர்ப் பேச்சு. இம்முறை நிறையச் சொற்களைச் சரியாகச் சொன்னேன். நான் மகிழ்ந்ததைக் கண்டு அவள் கதவைத் திறந்து வந்து சொன்னாள்:

"ஐயா, என்ரை குரலிலை எல்லாருக்கும் கூடத்தான் வரும். நீங்கள் தடுமாறினால் அடுத்த சொல்லை நான் என்னை அறியாமலே அழுத்திச் சொல்லிப்போடுவன். மிசின் அப்பிடிச் செய்யாது. போன வருசத்தையும் இந்த வருசத்தையும் ஒப்பிடவேணுமெண்டால் மிசின்தான் நீதி."

"அப்ப உம்மடை குரல் அநீதியோ பிள்ளை?"

"அநீதியில்லை ஐயா. உதவி" என்றாள்.

அதை இப்போதும் எண்ணிக்கொண்டிருக்கிறேன். என் மகள் தொலைபேசியில் அழைக்கும்போது, "அப்பா, கேக்குதே? கேக்குதே?" என்று உரத்துக் கத்துவாள். "ஓம்" என்பேன். அவள் மனம் ஆறும். அவள் கேட்கும் கேள்வியும் நான் சொல்லும் விடையும் நான் முன்னரே அறிந்தவை. "சாப்பிட்டியளோ?" என்றால் "ஓம்". "மருந்து குடிச்சியளோ?" என்றால் "ஓம்". ஒரு முறை அவள் நீளமாக ஏதோ சொன்னாள். "ஓம்" என்றேன். அங்கே பேச்சு நின்றது. பேரப்பிள்ளையைப் பார்க்க வர விருப்பமில்லையோ என்று அவள் கேட்டிருக்கிறாள் என்பதைப் பின்னர் அவள் எழுதி அனுப்பியபோதே அறிந்தேன். அதுவும் ஒரு சோதனைதான். அதில் நான் தோற்றதை அன்று நாங்கள் இருவரும் அறியவில்லை. அதுவே அந்த முறையின் குறை.

அடுத்து முழு வசனங்கள். இதில் நான் ஏறக்குறைய எல்லாவற்றையும் சரியாகச் சொன்னேன். மழை பெய்தால் குளம் நிரம்பும். அம்மா அடுப்பிலே சோறு வைத்தாள். தலையும் வாலும் கேட்டால் நடுவுடம்பை நானே வைத்துக்கொள்வேன். வாழ்நாளெல்லாம் செய்த தொழில் அல்லவா. என் முகத்தில் ஒரு பெருமை வந்திருக்க வேண்டும். பிள்ளை வேறொரு தொகுதியை எடுத்தாள். அவை இலக்கணம் பிசகாதவை, ஆனால் உலகத்தில் நடவாதவை. "மீன் பாயை மடித்து வைத்தது" என்று அவள் சொல்ல, "பெண் பாயை மடித்து வைத்தாள்" என்றேன். "கதவு மூன்று இட்டலி தின்றது" என்று அவள் சொன்னதற்கு, வடிவான ஒரு குடும்பக் கதை சொன்னேன்.

அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஐயா, என்ரை மீனை நீங்கள் மனிசியாக்கிப் போட்டியள். கதவுக்கு இட்டலி குடுக்க உங்களுக்கு மனமில்லை."

"அப்பிடி ஒரு வசனம் இருக்கேலாது பிள்ளை."

"இருக்கேலாது எண்டபடியால்தான் ஐயா அதைச் சொல்லுறது. காது கேட்டதை மட்டும் வாங்க வேணும். நீங்கள் கேக்கிறேல்லை, கண்டுபிடிக்கிறியள். நல்லாக் கண்டுபிடிக்கிறியள்."

தாய் அழுதபோது நான் முரசு கொட்டியது எப்படி என்பது அந்தக் கணத்தில் எனக்கு முழுமையாக விளங்கியது. அன்றும் என் காதுக்கு எட்டியதை நான் நடக்கக்கூடியதாகத் திருத்திக்கொண்டேன்.

கடைசியாக இரைச்சலோடு ஒரு சோதனை. பலர் ஒரே நேரத்திற் பேசும் சத்தத்தைக் காதுக்குள் விட்டு, அதற்கு மேலே ஒருவர் வசனம் சொல்லுவார். இரைச்சலைக் கேளாமல் வசனத்தை மட்டும் கேட்க வேண்டும். இதை எழுதுவதற்குச் சிறிது கூச்சமாக இருக்கிறது. கவசத்தை மாட்டி அந்தச் சத்தம் தொடங்கியதும், வசனத்தை நான் மறந்தே போனேன். கலியாண வீட்டில் பந்திக்கு முந்திய நேரம் போல, ஆணும் பெண்ணுமாக எத்தனையோ பேர். ஒருவர் பேச்சும் விளங்கவில்லை. ஆனால் எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நடுவே இருந்தேன். பிள்ளை இரண்டு மூன்று தரம் கையசைத்தாளாம். பின்பு சத்தத்தை நிறுத்தி, "வசனம் வந்ததே ஐயா?" என்று கேட்டாள்.

"வரேல்லை. அந்தச் சத்தத்தை இன்னும் கொஞ்சம் விடுவீரே?" என்றேன்.

சோதனைக்காகத்தான் கேட்கிறேன் என்று அவள் நினைத்துத் திரும்பவும் விட்டாள். இம்முறை கவனமாகக் கேட்டேன். வசனங்களில் மிகச் சிலவே வந்தன. எல்லா முறைகளுள்ளும் நான் மிகக் கீழே நின்றது இதில்தான். இருந்து எழும்ப மனமில்லாமல் இருந்ததும் இதில்தான்.

அதன் பிறகே என் உண்மையான கேள்வியைக் கேட்டேன். பயன் சொல்வது இன்னதென்று அவளுக்கு விளக்கத் தேவையிருக்கவில்லை. அவளும் கோயிலுக்குப் போகும் வீட்டுப் பிள்ளை.

"மிசினிலை ஒண்டு வந்தது, உம்மடை குரலிலை வேறொண்டு, வசனத்திலை இன்னொண்டு. இதிலை எது சரி? நான் அந்தப் பாயிலை இருக்கலாமோ, இல்லையோ?"

அவள் தாள்களை அடுக்கி வைத்தாள். "எல்லாம் சரிதான் ஐயா. ஒவ்வொண்டும் ஒவ்வொரு கேள்விக்கு விடை. வீட்டிலை ஒராள் முன்னுக்கு இருந்து கதைச்சால் உங்களுக்குப் பிரச்சினை வராது. கோயில் மண்டபம் எண்டால் இந்தக் கடைசிச் சோதினைதான் கிட்ட வரும். இருக்கலாமோ எண்டு நான் சொல்லக்கூடாது. காதுக்கு மிசின் போட்டுப் பாப்பம். ஆனால் அது சத்தத்தைக் கூட்டும். விளக்கத்தை அவ்வளவு கூட்டாது. அதையும் சொல்லிப்போட வேணும்."

வீட்டில் முன்னால் ஒருவர் இருந்து பேசினால் குறைவில்லை என்றாளே, வீட்டில் முன்னால் இருந்து பேசுவதற்கு எவருமில்லை என்பதை நான் அவளுக்குச் சொல்லவில்லை. அது சோதனைக்குரிய செய்தியன்று.

காதுக் கருவி கிடைத்தது. முதல் நாள் என் செருப்புச் சத்தம் என்னையே திடுக்கிடச் செய்தது. பனையோலை வேலியில் காற்று உரசுவதும், பூனை பாலை நக்குவதும் கேட்டன. நல்ல கருவி. ஆனால் கோயில் மண்டபத்தில் அது மணியையும் பறையையும் தேங்காய் உடைக்கும் சத்தத்தையும் வாசிப்பவரின் குரலோடு ஒரே சாக்கில் கட்டி என் காதுக்குள் கொட்டியது.

ஒரு நாள் வாசிப்பவரிடம் நானே கேட்டேன். "வைத்தியசாலையிலை பாத்தது வைத்தியசாலைக் காது. மண்டபத்திலையே ஒருக்கால் சோதிப்பம். நீர் புத்தகத்தை விரிச்ச இடத்திலை வாசியும். நான் பயன் சொல்லுறன்."

"என்னத்துக்கு அண்ணை உந்த விளையாட்டு?"

"விளையாட்டில்லை. எனக்குத் தெரிய வேணும்."

படிப்பில்லாத ஒரு நாளில், பூசை முடிந்து சனம் கலைந்துகொண்டிருந்தபோது, ஒலிபெருக்கியையும் போட்டுக்கொண்டு இருவரும் பாயில் இருந்தோம். அவர் விரித்து வாசித்தார்; நான் பயன் சொன்னேன்; சரியாக இருந்தது. மறுபடியும் வாசித்தார், அதுவும் சரி. கோயில் முகாமையாளர் எட்டி நின்று தலையாட்டினார். ஆனால் வாசிப்பவர் விரிக்கும்போது பெருவிரலால் தாள்களை எண்ணுவதை நான் கண்டுவிட்டேன். ஊருக்கெல்லாம் பாடமான செய்யுள்களாகத் தேடி எடுக்கிறார். மட்டைக்குப் பின்னால் இருந்து பிள்ளை செய்த அதே உதவி.

"நீர் விரிக்க வேண்டாம். அவர் விரிக்கட்டும்" என்று முகாமையாளரைக் காட்டினேன்.

முகாமையாளர் கண்ணை மூடிக்கொண்டு புத்தகத்தை விரித்துக் கொடுத்தார். வாசிப்பவர் வாசித்தார். நான் பயன் சொன்னேன். இன்னோரிடம் விரித்தார், சொன்னேன். மூன்றாம் முறையும் சொன்னேன். ஒவ்வொரு முறையும் வாசிப்பவரின் முகத்தைப் பார்த்தேன். சரியோ பிழையோ தெரியாதபடி அவர் முகத்தை மிசினைப் போல வைத்திருக்கப் பார்த்தார். அவருக்கு அது வரவில்லை. மூன்றாம் முறைக்குப் பின் சால்வையை எடுத்துப் புத்தகத்தின் மேலே போட்டு மூடினார்.

"காணும் அண்ணை" என்றார். போதும் என்ற அந்த ஒரு சொல் மிகத் தெளிவாகக் கேட்டது.

புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே பயன் சொல்லலாமே என்று முகாமையாளர் சொன்னார். நல்லெண்ணத்தோடு சொன்ன யோசனை. சில நாட்கள் அப்படியும் இருந்தேன். மடியில் இன்னொரு பிரதி. விரலை எழுத்தின் மேல் வைத்திருப்பேன். அவர் எங்கே நிறுத்தினார் என்று தெரியாமல் தாண்டிப்போவேன். அவர் என் தொடையில் மெல்லத் தட்டுவார். முன்னொரு காலையில் அவர் என்னிடம் கேட்ட தட்டு, இப்போது எனக்கே வந்தது. அதைக்கூடப் பொறுத்திருப்பேன். பொறுக்க முடியாதது வேறு. அந்தத் தாயின் அழுகை முறைப்படி வந்த நாளில், அவர் ஒரே அடியை மூன்று விதமாக இழுத்து வாசித்தார். சபையிலிருந்த பெண்கள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்கள். அவர் குரலில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. நான் அச்செழுத்துக்குப் பயன் சொன்னேன். அச்செழுத்தில் மூன்று விதம் இல்லை.

அன்று படிப்பு முடிந்ததும் எழுந்து, மடியிலிருந்த பிரதியை முகாமையாளரிடம் கொடுத்தேன். அவர் ஏதோ சொன்னார். ஒலிபெருக்கியில் பாட்டுத் தொடங்கிவிட்டதால் கேட்கவில்லை. இருக்கச் சொல்லியிருக்கலாம். போகலாம் என்றும் சொல்லியிருக்கலாம். கண்டுபிடிக்க நான் முயலவில்லை.

இப்போது ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பயன் சொல்கிறார். நன்றாகச் சொல்கிறார் என்றுதான் நினைக்கிறேன். நான் சபையில், தூணோரம் இருக்கிறேன். அவர் வாயைப் பார்ப்பதில்லை. கேட்போரின் முகங்களைப் பார்க்கிறேன். முகங்கள் மலர்ந்தால் பயன் சேர்ந்துவிட்டது. இதுவும் ஒரு முறை. எந்த வைத்தியசாலையிலும் இதைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள்.

வாசிப்பவர் சில காலைகளில் என் வீட்டுக்கு வருவார். கதிரையை என் முன்னே இழுத்துப் போட்டு, பத்திரிகையை விரித்து, மரண அறிவித்தல்களை வாசிப்பார். மட்டை இல்லை, மிசின் இல்லை, இரைச்சல் இல்லை. "ஆர் அண்ணை செத்தது?" என்பார். பெயரைச் சொல்வேன். "எந்த ஊர்?" என்பார். சொல்வேன். "அண்ணை இண்டைக்கு நேரை செத்தவீட்டுக்கே போயிட்டார்" என்பார். அவருடைய முறையில் என் காது குறைவற்றது. ஆனால் ஆசிரியையோடு முன்கூட்டி வாசித்துப் பழக வேண்டியிருப்பதால், அவர் வரவு இப்போது குறைந்துவிட்டது. அதில் அவர்மேற் குறையில்லை.

அவர் வராத நாட்களில் கருவியைக் கழற்றி மேசையில் வைத்துவிடுவேன். பேசுவோர் இல்லாத வீட்டில் நான் செவிடன் அல்லன்.

பிள்ளை கேட்ட கேள்விக்கு என் விடை இது. பதிவு செய்த குரல் எனக்கு நீதி செய்தது. பிள்ளையின் குரல் இரக்கம் செய்தது. வசனங்கள் என்னைப் புகழ்ந்தன. நடவாத வசனங்கள் என்னை எனக்குக் காட்டின. இரைச்சல் மட்டுமே நான் எங்கே இருக்க ஆசைப்பட்டேனோ அந்த இடத்தைப் போல இருந்தது. தாங்கள் எந்த முறையைத் தெரிந்தெடுத்தாலும், சோதிக்கப்படுபவரிடம் இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்: உம்மோடு கதைப்பவர் யார், எங்கே இருந்து கதைப்பார் என்று. அந்த விடை தெரியாமல், கோடு எவ்வளவு இறங்கினால் என்ன, ஏறினால் என்ன.

என் பெயரில் அங்கே ஓர் உறை இருக்கிறது. அதற்குள் அந்தக் கோடு கீறிய தாளும், சொற்களுக்கு இட்ட புள்ளிகளும் இருக்கின்றன. இந்த எழுத்தையும் அவற்றோடு சேர்த்து வையுங்கள். உறையில் இடமில்லையானால் வேறெங்காவது வையுங்கள். எறிந்துவிட வேண்டாம்.